வெஸ்டர்ன் மிச்சிகன் ஐஸ் ஹாக்கி: பட்டம் வென்ற பருவமும் இனி வரும் சோதனையும்

2025 ஏப்ரல் 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டியில், பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-2 என்று வீழ்த்தி வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றது. 2022 வரை தேசியத் தொடரில் ஒரு ஆட்டத்தைக்கூட வென்றிராத அணி இது என்பதை அறிந்தவர்களுக்கே இந்த வெற்றியின் பெருமை முழுமையாகப் புரியும். 1964, 1965 ஆண்டுகளில் நெடுந்தூர ஓட்டத்தில் வென்றதற்குப் பிறகு, அந்தப் பல்கலைக்கழகத்திற்கு எந்த விளையாட்டிலும் இத்தகைய தேசியப் பட்டம் கிடைத்ததில்லை.

இறுதி ஆட்டத்தை விட அரையிறுதியையே நான் உயர்வாக மதிக்கிறேன். முந்தைய ஆண்டின் சாம்பியனான டென்வருக்கு எதிராக இரண்டு கோல் முன்னிலை பெற்றிருந்த அணி, கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதியில் அதை இழந்தது. அந்த நிலையிலும் குலையாமல் நின்று, இரண்டாவது கூடுதல் நேரம் தொடங்கிய 26 நொடிகளில் ஓவன் மைக்கேல்ஸ் அடித்த கோலால் 3-2 என்று வென்றது. மூன்று வாரங்களுக்கு முன் இரு அணிகளும் ஆடும் கல்லூரி லீக்கான என்.சி.எச்.சி.யின் தொடர் இறுதியிலும் இதே டென்வரை இரண்டாவது கூடுதல் நேரத்தில்தான் அது வென்றிருந்தது. தேசியத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களும் 2-1 என்றே முடிந்தன. நெருக்கடியில் பதறாத இந்தக் குணம் வயதாலும் அனுபவத்தாலும் வந்தது என்பது என் உறுதியான கருத்து. மைக்கேல்ஸையோ, ஐந்தாம் ஆண்டு வீரரான அணித்தலைவர் டிம் வாஷையோ வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் அணிகள் எதுவும், இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் எடுக்கவில்லை. அத்தகையவர்களைப் பொறுமையாக வளர்த்தெடுத்தவர், 2021 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் பேட் ஃபெர்ஷ்வைலர். அவரே இந்த அணிக்காக ஆடிய பழைய மாணவர்.

இனிதான் கடினம். கோல்களும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 47 புள்ளிகள் எடுத்த அலெக்ஸ் பம்ப் என்.எச்.எல். அணியான பிலடெல்பியா ஃபிளையர்ஸுடனும், வாஷ் அனஹெய்ம் டக்ஸுடனும் ஒப்பந்தம் செய்துகொண்டு சென்றுவிட்டனர். மைக்கேல்ஸ் தங்கியதும், முதலாம் ஆண்டிலேயே பட்டம் வென்ற கோல்கீப்பர் ஹாம்ப்டன் ஸ்லுகின்ஸ்கிக்குக் கல்லூரி ஆண்டுகள் எஞ்சியிருந்ததும் பெரிய ஆறுதல்.

ஆயினும் வீரர்களின் வருகை, விலகலை விட விதிமாற்றமே என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கனடாவின் முதன்மை ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களைத் தொழில்முறை வீரர்களாகக் கருதி ஒதுக்கிவந்த, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ., 2024 நவம்பரில் எடுத்த முடிவின்படி, 2025 ஆகஸ்ட் 1 முதல் அவர்களை அனுமதிக்கிறது. கனடிய ஜூனியர் நட்சத்திரம் கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தது காட்டுவதுபோல, மிகச் சிறந்த இளைஞர்கள் பணவசதி மிக்க பெரிய பல்கலைக்கழகங்களையே நாடுவார்கள். கலமசூ நகரில் உள்ள வெஸ்டர்ன் மிச்சிகன் அந்தப் பல்கலைக்கழகங்களுடன் ஏலம் போடக் கூடாது. இருபது வயதைத் தாண்டிய, கவனிக்கப்படாத கனடிய வீரர்களைத் தேடுவதே அதன் இயல்புக்கும் வலிமைக்கும் பொருந்தும்.

1974 முதல் அணியின் இல்லமாக இருக்கும் லாசன் அரங்கில் நான்காயிரம் பேர்கூட அமர முடியாது. நகரின் மையத்தில் கட்டப்படும் பெரிய அரங்கு 2027இல் திறக்கப்பட இருக்கிறது. வருவாய் உயரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதிரணியை நிலைகுலைய வைக்கும் ‘லாசன் லூனடிக்ஸ்’ மாணவர் கூட்டத்திற்குப் புதிய அரங்கிலும் ஆடுகளத்தை ஒட்டிய இருக்கைகளையே, மாணவர்களால் கொடுக்க முடிகிற விலையில், நிர்வாகம் இப்போதே ஒதுக்கிவைக்க வேண்டும்.