மூன்று நாளைக்கு ஒரு பேட்ச்

மார்ச் 3, ஞாயிறு

மாலை ஆறரைக்கு அம்மாவுக்கு முதல் வலி பேட்ச் ஒட்டினோம். வலப்பக்கம், காறையெலும்புக்குக் கீழே. வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும், சோப்பு வேண்டாம் என்றார் சிஸ்டர். உள்ளங்கையை வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஃபென்டனில், மார்ஃபின் வகை வலிமருந்து, மணிக்கு 25 மைக்ரோகிராம்.

"இது எப்பக் கண்ணு வேலை செய்யும்?"

நாளைக்குத்தான் அம்மா என்றேன். மருந்து முதலில் தோலின் மேலடுக்குகளில் சேர வேண்டும், அங்கிருந்துதான் இரத்தத்துக்குப் போகும். பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும். அதுவரை மார்ஃபின் மாத்திரை.

மார்ச் 4, திங்கள்

தூங்கினாள்.

மார்ச் 5, செவ்வாய்

லேபுக்குப் போனேன். அண்ணன் லீவு போட்டு வீட்டில் இருக்கிறான்.

தோல் வழியே மருந்து இறங்குவதை அளக்கும் கண்ணாடிக் கலங்களான ஃபிரான்ஸ் செல்களில், தோலுக்குப் பதிலாக வைக்கும் செயற்கை மெம்பிரேனான ஸ்ட்ராட்-எம் மாட்டினேன். பளபளக்கும் பக்கம் மேலே. வெள்ளை வில்லை, 25 மில்லிமீட்டர் அகலம், தடிமன் 300 மைக்ரான் அளவு. மேலே டைக்ளோஃபெனாக் ஜெல், கீழே மருந்து இறங்கிச் சேரும் 7.4 பிஹெச் பஃபர் கரைசல், சுற்றிலும் ஓடும் தண்ணீர் தோலின் மேற்பரப்புக்கு உள்ள 32 டிகிரியிலேயே இருக்க வேண்டும். மூன்றாவது செல்லில் மெம்பிரேனுக்கு அடியில் ஒரு குமிழி. கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, விரலால் தட்டித் தட்டி, பக்கக் குழாய் வழியாக வெளியேற்றினேன். குமிழி இருக்கும் இடத்தில் மருந்து இறங்காது, அந்த செல்லின் கணக்கே வீண்.

சாயங்காலம் வரைபடம் போட்டால் ஆறு செல்லும் கிட்டத்தட்ட ஒரே கோடு. என் ஆய்வு வழிகாட்டி சாருக்கு மகிழ்ச்சி. எனக்கும்தான்.

மார்ச் 6, புதன்

பேட்ச் மாற்றினோம், இந்த முறை இடப்பக்கம். பழையதை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து உறையில் போட்டு வைத்தேன், திருப்பித் தர வேண்டும். மூன்று நாள் கழித்தும் அதில் மருந்து நிறைய மிச்சம் இருக்கும். குழந்தைகள் கையில் கிடைத்தால் உயிருக்கே ஆபத்து.

பேட்ச் இருந்த இடம் செவ்வகமாகச் சிவந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். தோல் அவ்வளவு மெலிது. லேசாகப் பிடித்து விட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது, மெல்ல மெல்லத்தான் படிகிறது. பச்சை நரம்பு ஒவ்வொன்றும் தெரிகிறது.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. கோயில் ஒலிபெருக்கி விடிய விடிய. அம்மாவும் விழித்திருக்கிறாள், நானும்.

சார் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் "மனிதத் தோலில் உறிஞ்சப்படுவதைக் கணித்தல்" என்று போடச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு ஜெல்களில் எது மருந்தை வேகமாக விடுகிறது, நேற்றுத் தயாரித்ததற்கும் இன்று தயாரித்ததற்கும் வித்தியாசம் இருக்கிறதா, இதற்கெல்லாம் செயற்கை மெம்பிரேனை விட நம்பகமானது கிடையாது. இன்றைக்கும் அடுத்த வருடமும் ஒரே பதிலைத் தரும். ஆனால் மனிதத் தோல் ஒரே பதிலைத் தருவதில்லையே.

1967-ல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் வெவ்வேறு இடங்களில் தடவி அளந்தார்கள். முன்கையில் உள்ளே போவதை 1 என்று வைத்தால் உள்ளங்காலில் 0.14, நெற்றியில் 6, விரைப்பையில் 42. மருந்து ஒன்றேதான், இடம் மட்டும்தான் வேறு. மெம்பிரேனுக்கு நெற்றியும் இல்லை, உள்ளங்காலும் இல்லை.

தூக்கம் வராமல் பாட்ஸ்–கை சமன்பாட்டில் ஃபென்டனிலைப் போட்டுப் பார்த்தேன். 1992-ல் வந்தது, மூலக்கூறு எடையும் கொழுப்பில் கரையும் தன்மையும் தெரிந்தால் போதும், தோலில் ஊடுருவும் வேகம் வந்துவிடும். மணிக்கு 0.01 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வந்தது. நல்ல எண், பேட்சுக்கு ஏற்ற மருந்துதான். அந்தச் சமன்பாட்டில் ஃபென்டனிலின் எடை 336 இருக்கிறது. அம்மாவின் எடை இல்லை. போன வாரம் பார்த்தபோது 34 கிலோ.

மார்ச் 9, சனி

காலையிலேயே வலி. பேட்ச் மாற்ற மாலை ஆகும். மார்ஃபின் கொடுத்தேன், மதியம் இன்னொன்று. போன முறையும் மூன்றாம் நாள்தான் இப்படி முனகினாள், குறித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

தேடிய ஆய்வு கிடைத்தது. 2009, பின்லாந்து. புற்றுநோயில் உடம்பு வற்றிப்போனவர்களுக்கும் சாதாரண எடை உள்ளவர்களுக்கும் ஃபென்டனில் பேட்ச் ஒட்டி இரத்தத்தில் அளந்திருக்கிறார்கள். மெலிந்தவர்கள் இரத்தத்தில் மருந்து குறைவு, அதுவும் 48 மணி, 72 மணியில்.

தோல் மெலிந்தால் மருந்து அதிகம் போகும் என்று நினைத்து ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். தடுப்பது மேலே இருக்கும் அந்தச் செத்த செல் அடுக்கு, 10 முதல் 20 மைக்ரான்தான். அதற்கடியில் என்ன இருக்கிறது, இரத்தம் எவ்வளவு ஓடுகிறது, இதெல்லாம் சேர்ந்தது அம்மாவின் உடம்பு. அச்செடுத்து வைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மார்ச் 11, திங்கள்

காய்ச்சல் 101. சித்தி வெந்நீர்ப் பையோடு வந்தார், "அக்காவுக்குக் குளிருதாம்" என்று நெஞ்சுக்குப் பக்கத்தில் வைக்கப் போனார். பிடுங்கிவிட்டேன். சித்தி முகம் வாடிப்போனது. உட்கார வைத்துச் சொன்னேன்: சூடு பட்டால் பேட்சிலிருந்து மருந்து வேகமாக இறங்கும், மூச்சு மெலியும். உடல்வெப்பம் 40 டிகிரிக்குப் போனாலே இரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடலாம் என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. மெலிந்தவர்களுக்குக் குறையும், காய்ச்சலில் கூடும். இரண்டும் இருக்கிற அம்மாவுக்கு?

இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினான்கு. பன்னிரண்டு. பதினைந்து.

மார்ச் 12, செவ்வாய்

காய்ச்சல் விட்டது. பேட்ச் மாற்றியாயிற்று. மேற்கையில்.

மார்ச் 13, புதன்

டாக்டர் தாளை முழுதாகப் படித்தார். இனி 48 மணி நேரத்துக்கு ஒன்று. சிலருக்கு அப்படித் தேவைப்படும் என்றார்.

சாரிடமும் பேசிவிட்டேன். தலைப்பில் "கணித்தல்" வேண்டாம், "ஒப்பிடுதல்" போதும். யோசித்துவிட்டுச் சரி என்றார். கூடவே பன்றிக் காதுத் தோலில் ஒரு தொகுதி செய்வோம். மனிதத் தோலுக்கு அதுதான் நெருக்கம். வெந்நீர் ஊற்றுவதற்கு முன்பே காதை வெட்டித் தரச் சொல்லிக் கறிக்கடையில் பேச வேண்டும், வெந்நீர் பட்டால் தடுப்புச் சக்தி போய்விடும். வயிற்றுக் கொழுப்பு அறுவை சிகிச்சையில் எடுக்கும் மனிதத் தோலுக்கு நெறிமுறைக் குழுவிடம் மனு தயார். மெம்பிரேனிலும் 32-ஐ விட்டு 37-லும் 40-லும் ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கினேன்.

மார்ச் 14, வியாழன்

இரண்டாம் நாளே மாற்றினோம். கஞ்சி ஒரு டம்ளர் குடித்தாள், உப்புப் போதவில்லை என்றாள்.

மார்ச் 15, வெள்ளி

வலி இல்லை என்கிறாள். ஆனால் பகலெல்லாம் கண் சொருகுகிறது. எழுப்பினால் பதில் சொல்கிறாள். மூச்சு பதின்மூன்று. நாளை சிஸ்டர் வரும்போது கேட்க வேண்டியவை: இந்தத் தூக்கம் மருந்தாலா, நோயாலா. பேட்சை எடுத்தாலும் இரத்தத்தில் பாதியாகக் குறைய 17 மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும், அப்படியானால் எந்த எண்ணுக்குக் கீழே மூச்சு போனால் கூப்பிட வேண்டும், யாரை, இரவில்