சிவிக்குக்கு இரும்புச் சில்லு தேடிய கதை

மொன்றியலில் இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். முதல் இரண்டு வருடமும் என் ஹொண்டா சிவிக் காரில் இருந்த அலோய் (அலுமினியக் கலவை) சில்லிலேயே கோடை ரயரையும் வின்ரர் ரயரையும் மாற்றி மாற்றிப் பூட்டினேன். நவம்பரில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை, ஒவ்வொரு முறையும் ரயரைக் கழற்றி, மற்றதை ஏற்றி, பலன்ஸ் பண்ண நூறு டொலருக்கு மேல் போய்விடும். வின்ரர் ரயருக்கென்று தனிச் சில்லு வைத்து, சில்லோடு சேர்த்து மாற்றினால் அதில் பாதிதான். காசைவிட மனதை நோகடித்தது வேறு. வீதியில் கொட்டுகிற உப்பு அலோயின் விளிம்பை அரித்து, அந்த இடத்தால் மெல்ல மெல்லக் காற்றுப் போகத் தொடங்கிவிட்டது.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம், ரயரின் பக்கத்தில் மூன்று முகட்டு மலைக்குள் பனிப்பூ போட்ட அடையாளம் இருக்க வேண்டும். அதனால் ரயரில் யோசிக்க ஒன்றும் இல்லை, சில்லில்தான் யோசனை.

என்னுடையது 2018 சிவிக், 17 அங்குலச் சில்லு, ரயர் 215/50 (அகலம் 215 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 50 வீதம்). இதே சிவிக் 16 அங்குலத்தில் 215/55 ரயரோடும் வந்தது, ஆகவே 16 போட்டால் பிரேக்கில் முட்டாது. ரயரின் மொத்த உயரத்தில் 4 மில்லிமீற்றர்தான் வித்தியாசம், வேகம் காட்டும் முள் பிழைக்காது. ரயரும் மலிவு. சில்லுக்கும் வீதிக்கும் நடுவில் ரப்பர் கூடுதலாக இருப்பது இந்த ஊர்க் குழிகளுக்கு மிகவும் நல்லது. குழியில் விழுந்தால் இரும்பு பெரும்பாலும் நெளியும், அலோய் கீறல் விட்டு வெடிக்கவும் கூடும்.

சரி, பழைய சில்லு வாங்குவோம் என்று தேடினேன். தெரிந்த அண்ணை ஒருவர் தன் பழைய ரொயோட்டா கம்றிக் காரை விற்றபோது நான்கு 16 அங்குல இரும்புச் சில்லுகளை எடுத்து வைத்திருந்தார். “ரெண்டுக்கும் அஞ்சு போல்ட், ரெண்டும் 114.3 தானே தம்பி, யோசிக்காமல் கொண்டுபோ” என்றார். நானும் இணையத்தில் பார்த்தேன், உண்மைதான், இரண்டும் 5x114.3, அதாவது ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர். 120 டொலர் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் ஜாக் போட்டு ஏற்றிப் பார்த்தால் சில்லு உள்ளே போகவே இல்லை. துருவாக்கும் என்று கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தேன், அப்போதும் போகவில்லை. கம்றிச் சில்லின் நடு ஓட்டை 60.1 மில்லிமீற்றர், அந்த ஓட்டைக்குள் போகவேண்டிய சிவிக்கின் நடுக் குடம் 64.1. போல்ட் ஓட்டைகள் எவ்வளவு பொருந்தினாலும் அந்த 4 மில்லிமீற்றர் விடாது. அண்ணை மேல் பிழை இல்லை, அவருக்கும் தெரியாது. மறுவளமாக நடு ஓட்டை பெரிதாக இருந்தால் வழி உண்டு. மாஸ்டா 3 காரின் சில்லில் நடு ஓட்டை 67.1, போல்ட் கணக்கும் ஒன்றுதான், இடைவெளிக்கு ஒரு வளையம் போட்டு நடுவுக்குக் கொண்டுவரலாம். சிறியதற்கு ஒன்றுமே செய்ய முடியாது. பழைய சில்லு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து காசு கொடுக்க முதல் இந்த ஒரு அளவைக் கேளுங்கள், கேட்டும் பதில் வராவிட்டால் அளவுகோலோடு போங்கள்.

கடைசியில் 64.1 ஓட்டையோடு புதிய இரும்புச் சில்லு நான்கு, ஒன்று 85 டொலருக்கு வாங்கினேன். அங்கேயும் ஒன்று தப்பப் பார்த்தது. ஹொண்டாவின் சொந்த நட்டு, சில்லில் உட்காரும் பக்கம் உருண்டை முகம் உள்ளது, நான் வாங்கிய சில்லுக்கோ கூம்பு முகம் வேண்டும். இழை ஒன்றுதான், அதனால் பழைய நட்டும் அழகாக ஏறி இறுகிவிடும், ஆனால் உள்ளே சரியாக உட்காராது, ஓட ஓடத் தளரும். கடையில் நின்ற பொடியன் கவனித்துச் சொல்லியிருக்காவிட்டால் நான் அப்படியே பூட்டியிருப்பேன். அவனுக்கு இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூம்பு நட்டு இருபதுக்கு 40 டொலர்.

காற்றழுத்த சென்சருக்குக் காசு போகவில்லை, இந்தச் சிவிக் சில்லு சுழலும் வேகத்தை வைத்தே அழுத்தத்தைக் கணிக்கிறது, பூட்டிய பிறகு மெனுவில் ஒரு தடவை கலிப்ரேற் பண்ணினால் போதும்.

நட்டுகளை 80 அடி-பவுண்டுக்கு நட்சத்திர ஒழுங்கில் இறுக்கினேன். நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு மொன்றியலுக்குப் பக்கத்து லாவாலில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில், மைனஸ் பன்னிரண்டு பாகைக் குளிரில், இறுக்கத்தை அளக்கும் ரோர்க் றெஞ்சை எடுத்து மறுபடி பார்த்தேன். முன் இடப்பக்கத்தில் இரண்டு நட்டு கால் சுற்று வாங்கின.