97.6 சதவீதம் துல்லியம் என்றால் என்ன?

2001-இல் அமெரிக்காவில் தபால் உறைகளில் ஆந்த்ராக்ஸ் தூள் வந்து, 22 பேருக்கு நோய் கண்டது. 5 பேர் இறந்தார்கள். நம் கால்நடைக்காரர்கள் அடைப்பான் என்பது இதைத்தான். அந்தச் சமயத்தில் சிடிசி (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) ஆய்வகம் அவசரமாக உருவாக்கியதுதான், ஆந்த்ராக்ஸ் நச்சின் 'பிஏ' புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐஜிஜி வகை ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) அளக்கும் எலைசா என்ற ரத்தச் சோதனை. தட்டில் பூசிய பிஏ-வில் ஆன்டிபாடி ஒட்டினால் நிறம் தெரியும். நோயுள்ளவரைக் கண்டுபிடிக்கும் திறன் 97.8%, நோயில்லாதவரை விலக்கும் திறன் 97.6%.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போடுங்கள். 10,000 பேரில் 10 பேருக்கு மட்டும் நோய் என்று வைப்போம். அந்தப் பத்துப் பேரும் பாசிட்டிவ் ஆகிவிடுவார்கள். மீதி 9,990 பேரில் 2.4%, அதாவது சுமார் 240 பேர், ஒன்றுமில்லாமலேயே பாசிட்டிவ். 250 பாசிட்டிவில் 10தான் நிஜம்!

அதனால்தான் இரண்டாவதாக ஒரு சோதனை. அதே சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) இரண்டு பங்காக்கி, ஒன்றில் மட்டும் பிஏ புரதத்தை முன்கூட்டியே கலந்துவிடுவார்கள். நிஜமான ஆன்டிபாடி அந்தப் புரதத்தையே பிடித்துக்கொள்ளும். தட்டில் ஒட்ட மிச்சம் இருக்காது, நிறம் குறையும். சும்மா ஒட்டிக்கொள்ளும் வேறு ஆன்டிபாடி என்றால் நிறம் அப்படியே நிற்கும். இதையும் சேர்த்தபோது விலக்கும் திறன் 100% ஆனது.

ஆனால் தடுப்பூசி போட்டவர்களிடம் இந்த உத்தி செல்லாது. தடுப்பூசி உண்டாக்குவதும் பிஏ ஆன்டிபாடிதான், அங்கேயும் நிறம் குறையும். ராணுவத்தில் இருந்தாரா, ஊசி போட்டாரா என்று வாயால் கேட்டால்தான் உண்டு.

அடுத்த சிக்கல் நாள். ஆன்டிபாடி உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். காய்ச்சலோடு வந்த அன்றே எடுத்த ரத்தம் நெகட்டிவ் என்றால் அதற்கு அர்த்தமே இல்லை; அப்போது நம்ப வேண்டியது கல்ச்சரையும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) பிசிஆரையும் (கிருமியின் மரபணுவைத் தேடுவது). வந்த அன்று ஒரு ரத்த மாதிரி, 2 முதல் 4 வாரம் கழித்து இன்னொன்று. இரண்டையும் ஒரே தட்டில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தட்டுக்குத் தட்டு வரும் வித்தியாசத்தை ஆன்டிபாடி ஏற்றமாக எண்ணிவிடுவோம். நான்கு மடங்கு ஏறினால் கணக்கில் எடுக்கலாம்.

இப்படிப்பட்ட எந்த ஆய்வறிக்கையைப் படித்தாலும், 'பாசிட்டிவ்' சீரம் யாருடையது என்று முதலில் பாருங்கள். நோய் அபூர்வம், நோயாளி சீரம் கிடைப்பது கஷ்டம். பல டோஸ் தடுப்பூசி போட்டவர்களின் சீரத்தை வைத்து அந்த இடத்தை நிரப்பியிருந்தால், அதில் ஆன்டிபாடி ஏராளமாக இருக்கும். கண்டுபிடிக்கும் திறன் இருப்பதைவிட அழகாகத் தெரியும்.