யோஷிதா ஷோயின்: பள்ளிப் பருவம்

ஜனவரி 6

பொங்கல் வரை 19ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஆசிரியர் யோஷிதா ஷோயினைப் பற்றித்தான் வாசிப்பது என்று முடிவு. அமெரிக்கப் போர்க்கப்பலில் திருட்டுத்தனமாக ஏறப் பார்த்தவர், 1859ல் எடோவில் (இன்றைய டோக்கியோ) தலை வெட்டப்பட்டவர் என்றுதான் இவரைப் பற்றி எல்லாரும் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதற்கு முந்தைய கதை வேண்டும்.

பிறந்தது 1830ல், சோஷு ராஜ்யத்தில் ஹாகியை ஒட்டிய மாட்சுமோட்டோ கிராமம். சாமுராய் வீடு என்றதும் கோட்டை கொத்தளம் என்று நினைக்க வேண்டாம். அப்பா சுகி யூரினோசுகேவுக்குக் கிடைத்த படி ஆண்டுக்கு 26 கோக்கு அரிசி (கோக்கு என்பது பழைய ஜப்பானிய அளவு). குடும்பத்துக்கு அது பற்றாது. மண்வெட்டி எடுத்தால்தான் சோறு.

ஜனவரி 8

வயல்தான் முதல் வகுப்பு. அப்பா கொத்திக்கொண்டே ஒரு வரி சொல்வார், பையன்கள் திருப்பிச் சொல்வார்கள். கன்பூசிய நூல்கள் மனப்பாடமானது இப்படித்தான்.

பையனைச் சித்தப்பா டைசுகேவுக்குத் தத்துக் கொடுத்திருந்தார்கள். யமாகா என்ற மரபின் போர்க்கலையைப் பரம்பரையாகக் கற்பிக்கும் யோஷிதா குடும்பம் அது. 1835ல் டைசுகே இறந்துபோக, ஆசிரியர் பொறுப்பு சின்னப் பையன் தலையில் விழுந்தது. பாடம் நடத்த வேண்டியவனுக்கே இன்னும் பாடம் தெரியாது!

அந்த அவசரத்தில் வந்தவர்தான் இன்னொரு சித்தப்பா, தமாகி புன்னோஷின். கன்னம் அரித்ததென்று பையன் வாசிப்பின் நடுவே சொறிந்துகொண்டானாம்; விழுந்தது அடி. படிப்பு பொதுக் காரியம், சொறிவது சொந்த சுகம், இன்று இதை அனுமதித்தால் நாளை பதவியில் அமர்ந்து சொந்த லாபம் பார்ப்பான் என்பது அவருடைய நியாயம். இந்தக் கதையைப் புல்லரித்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிள்ளையின் கன்னம்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

ஜனவரி 9

1840ல் சோஷுவின் பிரபு மோரி தகாச்சிகா முன்னால் போர்க்கலை விரிவுரை. வயது பத்துகூட நிறையவில்லை. சபாஷ் வாங்கிவிட்டான். அடித்ததால் வந்த வெற்றி என்று சித்தப்பா நினைத்திருப்பார், வேறென்ன.

ஜனவரி 12

1850ல் கியூஷு பயணம்: ஹிராடோ, நாகசாகி. அடுத்த வருஷம் எடோ. அங்கே மேற்கத்திய பீரங்கிக் கலை தெரிந்த சகுமா ஷோசானிடம் சேர்ந்தார். அபின் போரில் பிரிட்டனிடம் சீனா தோற்றது ஷோயினை உலுக்கியிருந்தது. பழைய யமாகா பாடம் பீரங்கிக் கப்பலுக்கு முன் நிற்காது என்று புரிந்துவிட்டது.

1851 கடைசியில் வடகிழக்குப் பயணம். அதற்கு ராஜ்யம் தர வேண்டிய அனுமதிச் சீட்டு வரவில்லை. நண்பர்களுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சீட்டு இல்லாமலே கிளம்பினார். சாமுராய் அந்தஸ்து போயிற்று. ஆனால் அதே பிரபு பிறகு பத்து வருஷம் ஊர் சுற்றிப் படிக்க அனுமதி கொடுத்தார். இது என்ன தண்டனையோ!

ஜனவரி 14

1854ல் ஷிமோடாவில் கப்பல் முயற்சி தோற்று, ஹாகியின் நோயாமா சிறை. இதையும் நான் படிப்பில்தான் சேர்ப்பேன். சக கைதிகளுக்கு, கன்பூசிய அறிஞர் மென்சியஸின் நூலைப் பாடம் நடத்தினார். கவிதை தெரிந்தவரிடம் ஹைக்கூவும், தொமினாகா யூரின் என்ற கைதியிடம் எழுத்துக்கலையும் கற்கச் செய்தார், தானும் மாணவனாக உட்கார்ந்தார். அடி என்ற பேச்சே இல்லை. வெளியே வந்தபின் சித்தப்பா 1842ல் தொடங்கிய ஷோகா சோன்ஜுகு பள்ளியை ஏற்று நடத்தினார். பின்னாளில் ஜப்பானின் முதல் பிரதமரான இதோ ஹிரோபுமி அங்கே படித்தவர். விடுதலையான தொமினாகாவும் அங்கே வந்து பாடம் நடத்தினார்.