777 போடுவதற்கு முன்னால்

லினக்ஸில் ஒரு கோப்பைத் திறக்கப் போய் 'பெர்மிஷன் டினைடு' (அனுமதி இல்லை) என்று வந்த உடனே, உரிமைகளை மாற்றும் கட்டளையான சிஎச்மாட் (chmod) போட்டு 777 அடிக்கச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அந்த ஃபோல்டர் வரை வர முடிந்த எந்தக் கணக்கும், எந்த நிரலும், அந்தக் கோப்பைத் திருத்தலாம் என்று எழுதிக் கொடுப்பது அது.

லினக்ஸில் படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றைக் கூட்டி, உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்ற வரிசையில் மூன்று இலக்கமாக எழுத வேண்டும். 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழு படிக்க மட்டும், மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அவ்வளவுதான். ஆனால் ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பில் எழுதும் உரிமை தேவையில்லை, ஸ்டிக்கி பிட் (அடுத்தவர் கோப்பை அழிக்க விடாமல் தடுக்கும் குறி) போடாத ஃபோல்டர் என்றால் அந்த ஃபோல்டரில் எழுதவும் நுழையவும் உரிமை இருந்தாலே போதும். இது பலருக்குத் தெரிவதில்லை.

சரி, குழுவில் இல்லாத ஒரே ஒரு ஆடிட்டருக்கு மட்டும் படிக்கக் கொடுக்க வேண்டுமா? அதற்குத்தான் ஏசிஎல் (ACL), அதாவது தனித்தனிப் பெயருக்கு உரிமை கொடுக்கும் பட்டியல். செட்எஃப்ஏசிஎல் (setfacl) கட்டளையில் அவர் பெயருக்கு மட்டும் உரிமை கொடுத்ததும், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் -எல் (ls -l) காட்டும் வரியில் உரிமை எழுத்துகளின் கடைசியில் ஒரு + முளைக்கும். அது இருந்தால் நடுவில் தெரியும் மூன்று எழுத்து குழுவின் உரிமை அல்ல, மாஸ்க், அதாவது குழுவுக்கும் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கும் கிடைக்கக்கூடிய உரிமையின் உச்சவரம்பு. அப்புறம் யாராவது சிஎச்மாட் 600 அடித்துவிட்டால் மாஸ்க் காலியாகி, பட்டியலில் பெயர் இருந்தும் ஆடிட்டருக்குக் கோப்பு திறக்காது. அந்தப் பட்டியலைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் (getfacl) கட்டளையைப் போட்டுப் பாருங்கள், அவர் பெயருக்குப் பக்கத்திலேயே 'எஃபெக்டிவ்' (உண்மையில் கிடைக்கும் உரிமை) என்று போட்டு மூன்று கோடு காட்டும், அதாவது எந்த உரிமையும் இல்லை.