பிறர் கூடையின் மீது ஒரு கண்

பணம் செலுத்தும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் அரசின் உணவு உதவி அட்டையைத் தேய்த்ததும், பின்னால் நின்றவரின் பார்வை நேராக அவருடைய கூடைக்குள் இறங்கியது.

பாலும் முட்டையும் அவர் கண்ணில் படவில்லை. நீல நிறக் கிரீமில் குழந்தையின் பெயர் எழுதிய சிறிய பிறந்தநாள் கேக்தான் பட்டது. "எல்லாம் நம் வரிப்பணம்" என்று, அப்பெண்ணுக்குக் கேட்கும் அளவுக்கு முணுமுணுத்தார்.

அமெரிக்காவில் ஸ்னாப் எனப்படும் இத்திட்டத்தின் விதிகள் ஏற்கெனவே கறாரானவை. மது, புகையிலை, சோப்பு, வைட்டமின் மாத்திரை ஆகியவற்றை அந்த அட்டையில் வாங்க இயலாது. குளிர்ந்த கோழியை வாங்கலாம், கடையிலேயே சுடச்சுடச் சமைத்து விற்கும் கோழியைப் பொதுவாக வாங்க இயலாது. (வேலை முடிந்து அலுத்து வருபவரிடம் இந்த நியாயத்தைச் சொல்லிப் பாருங்கள்.)

அந்நாட்டு வேளாண் துறை 2016-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பெரிய மளிகை நிறுவனத்தின் 2011-ஆம் ஆண்டு விற்பனைத் தரவுகளை ஆராய்ந்து, உதவி பெறும் குடும்பங்களும் பெறாத குடும்பங்களும் பெரும்பாலும் ஒரே வகைப் பொருள்களையே வாங்குவதாகக் கண்டது. குளிர்பானம் இரு தரப்பிலும் இருந்தது. உதவி பெறுவோரிடம் சற்றே கூடுதல்.

வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை பெறுபவரின் கூடையை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதுவும் அரசு விட்டுக்கொடுத்த பணம்தான்.

2025-ல் நெப்ராஸ்கா தொடங்கிப் பல மாநிலங்கள், இந்த அட்டையில் குளிர்பானம் வாங்குவதைத் தடுக்க அனுமதி பெற்றன. உடல்நலத்தைக் காட்டி வைக்கப்படும் அவ்வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் சர்க்கரையின் தீங்கு, பணம் எந்த அட்டையிலிருந்து வந்தது என்று பார்த்தா உடலில் ஏறுகிறது?