மஞ்சத்தூள் கொதிக்குது

யூட்டிலிட்டில வாஷிங் மெஷினுக்கு பக்கத்துல ஒரு பிவிசி பைப் துண்டு, அதுக்கடியில மீன்தொட்டி பம்ப், உள்ள மஞ்சக்கலர் தூள் தளதளன்னு கொதிச்சிட்டு இருக்கு, ஆனா சூடே இல்ல. வீட்டு ஓனர் ஆன்ட்டி தண்ணி டேங்க் விஷயமா மேல வந்தவங்க பாத்துட்டு "ஏனப்பா, அரிஷினவா?"ன்னு கேட்டாங்க. மஞ்சள் இல்ல ஆன்ட்டி, பெயின்ட்டுன்னேன். நம்புன மாதிரி தெரியல.

எனக்கு ஊரு பரங்கிப்பேட்டை. பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு, ஆனா லீவு கெடச்சா வெள்ளாறு முகத்துவாரத்துல கொடுவாவுக்கு தூண்டில் போடலன்னா அது லீவே இல்ல. ஜிக் ஹெட், அதாவது தூண்டில் முள்ளோட சேந்த ஈயத்தலை, நானே ஈயம் காய்ச்சி ஊத்திக்கறது, அதுல பிரச்சனை இல்ல, பிரச்சனை எல்லாம் கலர்தான். நெயில்பாலிஷ் அடிச்சேன், ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சேன், ஆளிப்பாறைல நாலு தடவ இடிச்சா உரிஞ்சு வந்துடும். அதவிட கொடும, ரப்பர் மீனு கோத்து டப்பாவுல போட்டு வச்சா அந்த சாஃப்ட் பிளாஸ்டிக்ல இருக்கற எண்ணெய் நெயில்பாலிஷ இளக்கி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்பதான் பவுடர் பெயின்ட் பக்கம் போனேன்.

விஷயம் சிம்பிள். ஈயத்தலைய சூடு பண்ணி பெயின்ட் தூள்ல முக்கினா தூள் உருகி ஒட்டிக்கும், அப்பறம் ஓவன்ல வச்சா கெட்டியாயிடும். சும்மா டப்பால இருக்கற தூள்ல முக்குனா ஒரு பக்கம் கட்டியா அப்பிக்கும், இன்னொரு பக்கம் ஈயம் தெரியும். அதுக்குத்தான் கீழேருந்து காத்து விடறது. காத்து சீரா ஏறினா ஒவ்வொரு துகளும் தனித்தனியா மெதக்கும், தூள் கொஞ்சம் உப்பி மேல வரும், தண்ணி மாதிரியே ஆயிடும், ஸ்பூன வச்சா தானா முங்கும். இதத்தான் ஃப்ளூயிட் பெட்ங்கறாங்க. 1950கள்ல ஜெர்மனில எர்வின் கெம்மர்னு ஒருத்தர் பிளாஸ்டிக் தூள் பூசறதுக்கு கண்டுபுடிச்ச முறை.

தூள் வாங்க பீன்யா போனேன், அங்க பவுடர் கோட்டிங் பட்டறைங்க தெருவுக்கு நாலு இருக்கு. ஒரு பட்டறைல கிருஷ்ணகிரிக்காரர் ஒருத்தர், நான் சொன்னத கேட்டுட்டு சிரிச்சாரு. "நாங்க ஸ்ப்ரே கன்ல அடிப்போம் சார், பூசற சாமானுக்கு எர்த் குடுத்தா தூளு தானா போயி ஒட்டிக்கும், அறுபது எழுவது மைக்ரான்ல முடிஞ்சுடும். முக்கி எடுக்கறது கிச்சன் ரேக்குக்கு, கம்பி கூடைக்கு, அது தடிப்பா வரும்." மீதி வந்த தூள் மஞ்சள் அரைகிலோ, வெள்ளை அரைகிலோ கட்டி குடுத்தாரு, காசு கூட கம்மியாதான் வாங்கினாரு. போகும்போது "இது பாலியெஸ்டரு, 180 டிகிரிலயாவது இருவது நிமிஷம் வைங்க"ன்னாரு. இந்த ஒரு வார்த்தைய ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருது.

பெட் கட்டறதுலதான் நான் ரெண்டு வாரத்த தொலைச்சேன். ரெண்டு இஞ்ச் பைப், அடியில எண்ட் கேப், கேப்ல ஓட்ட போட்டு ட்யூப், நடுவுல ஒரு தடுப்பு, தடுப்புக்கு மேல தூள். இந்த தடுப்புக்கு நான் இட்லித் துணிய போட்டேன். நல்லாத்தான இருக்கும்னு தோணுது இல்ல? எனக்கும் தோணுச்சு. ஒரு எடத்துல மட்டும் எரிமலை மாதிரி பொங்குது, மத்த எடமெல்லாம் சிமென்ட்டு மாதிரி செத்து கெடக்கு. பம்ப் பத்தலன்னு எஸ்.பி. ரோடு போயி பெரிய பம்ப் வாங்கிட்டு வந்தேன், இப்ப அந்த எரிமலை சீலிங்க தொட்டுச்சு. துவைச்சு காயப்போட்ட என் வெள்ளை சட்டை ஒண்ணு இன்னிக்கும் லேசா மஞ்சளாத்தான் இருக்கு.

தப்பு பம்ப்ல இல்ல, துணில. காத்துக்கு எது ஈஸியோ அந்த வழியாத்தான் போகும். தடுப்பு லூசா இருந்தா, தூள் எங்க கொஞ்சம் மெலிசா இருக்கோ அங்க பூந்து எலிவளை போட்டுட்டு எல்லா காத்தும் அது வழியாவே போயிடும். தடுப்பே காத்துக்கு ஓரளவு கஷ்டம் குடுத்தாத்தான், வேற வழியில்லாம அடி முழுக்க பரவி சமமா ஏறும். காபி ஃபில்டர் பேப்பர் ரெண்டு அடுக்கு போட்டு ஓரத்துல எம்-சீல் வச்சு அடச்சேன், பழைய சின்ன பம்பே போதும்னு ஆயிடுச்சு, மீன்தொட்டி வால்வ பாதி தொறந்தா பால் பொங்கறதுக்கு முன்னாடி ஆடை அசையும் பாருங்க, அந்த மாதிரி மெதுவா அசையுது. நான் அன்னிக்கு நைட்டு ஒரு மணி வரைக்கும் எதையும் முக்காம சும்மா பாத்துட்டே உக்காந்திருந்தேன்.

முக்கறதுக்கு கை பழகணும். பிசிறு அரம் போட்டு எடுத்து, தின்னர்ல தொடச்சு, முள்ள ஃபோர்செப்ஸ்ல புடிச்சு ஹீட் கன்ல திருப்பித் திருப்பி காட்டணும். 10 கிராம் தலைக்கு என் கன்ல சுமாரா பதினஞ்சு செகண்ட், உங்க கன்னுக்கு வேற கணக்கு வரும். ஒரு செகண்ட் முக்கி, லேசா ஒரு சுழட்டு சுழட்டி எடுத்து, மணிக்கட்டுல ஒரு தட்டு. பளபளன்னு வந்தா சூடு சரி. மாவு பூசுன மாதிரி இருந்தா சூடு பத்தல, திருப்பி கன்ல காட்டுனா உருகிடும். ஓவரா சூடு ஏத்துனா தடிமனா ஏறி, ஓவன்ல தொங்கும்போது அடியில சொட்டு நிக்கும், பாக்க கண்றாவியா இருக்கும். நூல் கோக்கற ஓட்டைய சூடா இருக்கும்போதே ஊசியால குத்திடணும், ஆறுனப்பறம் குத்துனா சில்லு சில்லா பேத்துக்கும். ஃப்ளோரசன்ட் கலர்னா முதல்ல வெள்ளைல ஒரு முக்கு, அதுக்கு மேல கலர். நேரா ஈயத்து மேல போட்டா மங்கலாத்தான் தெரியும்.

ஈயம் உடம்புக்கு ஆகாதுன்னு வீட்ல ஒரு பயம், நியாயமான பயம்தான், வீட்ல சின்னப் புள்ள இருக்கு. இங்கிலாந்துல அன்னப்பறவைங்க ஈயக்குண்ட முழுங்கி சாகுதுன்னு 1987லயே 28 கிராம் வரைக்கும் உள்ள தூண்டில் ஈயத்த தடை பண்ணிட்டாங்க. சரி நாமளும் மாறுவோம்னு எஸ்.பி. ரோட்ல பிஸ்மத்-டின் சோல்டர் கட்டி வாங்கி எட்டு தலை ஊத்தினேன், வெள்ளி மாதிரி அவ்ளோ அழகு. லேசா சூடு காட்டி முக்கி, ஓடிஜில, அதான் கேக் பண்ற சின்ன கரன்ட் ஓவன்ல, கம்பில வரிசையா தொங்கவிட்டு, 180 செட் பண்ணிட்டு டீ குடிக்க போனேன். அந்த கலவை 138 டிகிரில உருகும். பட்டறைக்காரர் சொன்ன 180 ஞாபகம் இருந்துச்சு, சோல்டரே சீக்கிரம் உருகறதுக்குன்னு செஞ்சதுங்கறது ஞாபகம் இல்ல. திரும்பி வந்தா ட்ரேல வெள்ளிக் குட்டை, மேல கம்பில முள்ளுங்க மட்டும் சுருங்குன மஞ்சத்தோலோட ஆடிட்டு இருக்கு. சுத்தமான டின்னு 232ல தான் உருகும், அது தாங்கும், ஆனா வெல அதிகம். ஈயம் 327. இப்போதைக்கு ஈயத்துலயே இருக்கேன், காய்ச்சறது ஊர்ல தோப்புல மட்டும், இங்க பெயின்ட் மட்டும், மாஸ்க் கட்டாயம். தூள் பறக்கற எடத்துல கேஸ் அடுப்போ லைட்டரோ கூடவே கூடாது, காத்துல மெதக்கற தூள் தீ புடிக்கும்.

அந்த ஓடிஜி கதைய கேக்காதீங்க. கல்யாணத்துக்கு வந்த ஓடிஜி. "ஏங்க, இதுல இனி கேக் பண்ணலாமா?" "பண்ணக்கூடாது." புது ஓடிஜி வாங்கியாச்சு, இந்த பொழுதுபோக்குலயே பெரிய செலவு அதான்.

பொங்கலுக்கு ஊருக்கு நாப்பது தலை கொண்டுபோனேன். மாமா டப்பாவ தொறந்து பாத்துட்டு "என்னடா மாப்ள, வளையல் கடை வைக்கப் போறியா"ன்னாரு. ஒண்ண எடுத்து படகு விளிம்புல நாலு அடி அடிச்சாரு, வெட்டுக்கத்தியோட நுனியால சொரண்டி பாத்தாரு, கோடு விழுந்துச்சே தவிர உரியல. ஒண்ணும் சொல்லல, மஞ்சள்ல ஆறு, வெள்ளைல ரெண்டு எடுத்து சட்டப்பைல போட்டுக்கிட்டாரு. செவப்பு இல்லையான்னு மட்டும் கேட்டாரு. அடுத்த சனிக்கிழம திரும்ப பீன்யா போகணும்.